பளபளப்பைப் பார்க்காதீர்கள், படுத்துப் பாருங்கள்!

“பழைய மோரிஸ் மைனர் ஒன்று விலைக்கு வருகிறது. பெயிண்ட் புதுசு. இன்ஜின் ஓடுகிறது. வாங்கலாமா?”

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் முப்பது வயதை ஒட்டிய பிள்ளைகள். கோலாலம்பூரிலோ ஷா ஆலமிலோ வேலை. சொந்த ஊர் கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், உலு சிலாங்கூர் என்று ஏதோ ஒரு தோட்டப்புறம். அந்தக் காலத்துத் தோட்டத்தில் கார் என்றால் முதலில் துரையின் கார்தான். அதற்குப் பிறகு பெரிய கிராணியார், டிரெஸ்ஸர், பள்ளித் தலைமையாசிரியர் போன்றவர்கள் மெல்ல மெல்லக் காசு சேர்த்து ஒரு மோரிஸோ ஆஸ்டினோ வாங்கினார்கள். லயத்துப் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்கவும் பயந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று அதே காரை வாங்க நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் ஆசையோடு போகும் கண் பெயிண்ட்டை மட்டுமே பார்க்கும். இவ்வளவு வயதான காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. அதனால் கையில் இருக்கும் சேமிப்புதான் போகும். பழைய பிரிட்டிஷ் காரில் பார்க்க வேண்டியவை முதலில் இரண்டு: காகிதம், கீழ்ப்பகுதி. இன்ஜின் மூன்றாவது. பெயிண்ட் கடைசி. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எந்த மைனர் அது?

மோரிஸ் மைனர் 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில், 1959-இல், மினியைத் தந்தவரும் இவரே. மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று அதை நடுவில் அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார்கள். போனட்டின் நடுவே ஓடும் பட்டையான மேடு அதன் அடையாளம். 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன.

முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் அது 1956-க்கு முந்தையது. ஒரே கண்ணாடியாக இருந்தால் அதற்குப் பிந்தைய மைனர் 1000. மைனர் 1000-இல் முதலில் வந்தது 948 சிசி இன்ஜின். 1962 முதல் 1098 சிசி. கூடவே முன் பிரேக் டிரம்மும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலம் ஆனது. நம் சாலைகளில் அடிக்கடி ஓட்ட நினைப்பவர்களுக்கு 1098-தான் ஏற்றது.

சாலை வரியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் 1000 சிசி வரையிலான தனியார் காருக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி, 1001 முதல் 1200 சிசி வரை 55 வெள்ளி. செலவு வேறு இடத்தில் காத்திருக்கிறது.

முதலில் காகிதம்

காரைப் பார்ப்பதற்கு முன் கெரானைப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது? விற்பவரின் பெயரா, அவருடைய காலமான அப்பாவின் பெயரா?

தோட்டப்புறத்துப் பழைய கார்களில் அடிக்கடி வரும் சிக்கல் இது. தாத்தா வாங்கினார், அவர் போய்ச் சேர்ந்தார், கார் கொட்டகையில் நின்றது, யாரும் பெயர் மாற்றவில்லை. உரிமையாளர் இறந்துவிட்டால் அந்தக் கார் அவருடைய சொத்தில் ஒரு பகுதி. மூத்த மகன் என்பதற்காக ஒருவர் கையெழுத்துப் போட்டு விற்றுவிட முடியாது. நீதிமன்றம் வழியாகவோ அமானா ராயா வழியாகவோ வாரிசுகள் முறையான அதிகாரம் பெற்றிருக்க வேண்டும். அது கையில் இல்லாமல் “நம்ம குடும்பத்துக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்ல தம்பி, பணத்தைக் குடுத்துட்டு ஓட்டிட்டுப் போங்க” என்று சொன்னால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஐந்து ஆண்டு கழித்து வேறொரு தங்கையோ தம்பியோ பங்கு கேட்டு வந்தால், பெயர் மாறாத காருக்கு நீங்கள் பணம் கட்டிய ஏமாளி, அவ்வளவுதான்.

இரண்டாவது, எண்கள். கெரானில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் காரில் உள்ள எண்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றுவதற்கு முன் செய்யும் பி5 பரிசோதனையில் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நம் நாட்டில் பல மைனர்களுக்கு டட்சன், டொயோட்டா இன்ஜின் ஏற்றியிருக்கிறார்கள். அது தவறில்லை, ஓட்டுவதற்கு இன்னும் வசதியாகக்கூட இருக்கும். ஆனால் அந்த மாற்றம் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத இன்ஜின் என்றால் அதை விற்பவரே சரிசெய்து கொடுக்கட்டும்.

சேசிஸ் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகள் ஒரு கதை சொல்லும். ‘எம்ஏ2எஸ்5’ என்று தொடங்கினால் அது இரண்டு கதவு சலூன், 1098 சிசி. கூரை திறக்கும் மைனருக்கு எஸ் இருக்கும் இடத்தில் ‘டி’ வரும். மரச்சட்டம் போட்ட டிராவலருக்கு ‘டபிள்யூ’. கூரை திறக்கும் கார் என்று அதிக விலை சொல்கிறார்கள், எண்ணில் ‘2எஸ்’ இருக்கிறது என்றால், யாரோ சலூனின் கூரையை அறுத்திருக்கிறார்கள். கீழே பலப்படுத்தாமல் அறுத்த கார் பள்ளத்தில் இறங்கும்போது நடுவில் வளையும்.

மூன்றாவது, நம்பர் பிளேட். ஒற்றை ‘பி’ எழுத்தோடு குறைந்த எண் உள்ள பிளேட்டுக்கே தனி விலை உண்டு. சில நேரம் காரைவிட எண்ணின் விலை அதிகம். எண்ணோடு சேர்த்துத்தான் விற்கிறாரா, எண்ணை வேறு காருக்கு மாற்றிக்கொண்டு வெறும் காரைத் தருகிறாரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: ‘பி’ எண் இருப்பதாலேயே அது கோல சிலாங்கூர் தோட்டத்துக் கார் என்று நம்பிவிட வேண்டாம். 1974 வரை கோலாலம்பூரும் சிலாங்கூரில்தான் இருந்தது.

சாலை வரி பல ஆண்டு கட்டப்படாமல் கிடந்த கார் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவு எண்ணோடு இலாகா முகப்பிடத்துக்குப் போய் அதன் நிலையைக் கேட்டுவிடுங்கள். அரை நாள் அலைச்சல்தான்.

இனி, படுத்துப் பாருங்கள்

பழைய உடை, ஒரு டார்ச் லைட், துணி சுற்றிய சிறிய காந்தம், ஒரு திருப்புளி. இவ்வளவு போதும். “அண்ணே, கொஞ்சம் அடியில பார்த்துக்கலாமா?” என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில். ஜேக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகாதீர்கள். பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் மேலே தூக்கிப் பார்ப்பதே நல்லது. அந்தப் போமனுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

மைனருக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். அதனால் துரு என்பது இங்கே அழகுப் பிரச்சினை இல்லை. கார் நிற்குமா, மடியுமா என்ற பிரச்சினை. பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி, அதாவது சில். முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்காக ஓடும் இரும்பு. முன் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை இதில்தான் பிடித்திருக்கிறது. பின்பக்க இலைவில்கள் மாட்டியிருக்கும் இடங்கள். தரையின் ஓரங்கள். இன்ஜினுக்கு இரு பக்கமும் உள்ள உள்மட்காட். பூட்டில் ஸ்பேர் டயர் கிடக்கும் பள்ளம்.

காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, புட்டி இருக்கிறது. திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு, தொப்பென்று கேட்டால் துரு. அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். தார் துருவைத் தடுக்கவும் செய்யும், மறைக்கவும் செய்யும்.

இன்னொரு எளிய சோதனை: ஒரு பக்கத்தை அதற்குரிய இடத்தில் ஜேக் வைத்து லேசாகத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். முன்பு சுலபமாக மூடிய கதவு இப்போது இடித்தால் உடல் வளைகிறது என்று பொருள். பேரம் பேச வேண்டாம், திரும்பிவிடலாம்.

நம் வட்டாரத்துக்கு மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கடற்கரை ஓர உப்புக்காற்றை எல்லோரும் சொல்வார்கள். உரத்தை யாரும் சொல்வதில்லை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தென்னமரம் தோட்டத்தில், அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில்தான் தொடங்கியது. செம்பனைக்குப் போடும் முக்கிய உரங்களில் ஒன்று பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பைப் போலவே அது ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். உரமூட்டை ஏற்றிய வண்டியும், உர ஸ்டோருக்குப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியும் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே சல்லடையாகியிருக்கும். கார் இத்தனை ஆண்டு எங்கே நின்றது என்று அவசியம் கேளுங்கள். மட்காட்டின் உள்மடிப்பில் அப்பிக்கிடக்கும் தோட்டத்துச் செம்மண்ணைச் சுரண்டிப் பாருங்கள். அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு அதன் பின்னால் இருக்கும்.

டிராவலராக இருந்தால் அந்த மரச்சட்டம் வெறும் அலங்காரம் இல்லை, பின்பகுதியைத் தாங்குவதே அதுதான். கரையானும் பூஞ்சையும் நம் ஊரில் சும்மா இருக்காது. திருப்புளி நுனி மரத்தில் சுலபமாக இறங்கினால் முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டிவரும்.

சக்கரம் மடியுமா?

மைனரில் உயிருக்கு ஆபத்தான பலவீனம் ஒன்று இருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பி, மேலும் கீழும் டிரன்னியன் என்ற மரைபோட்ட துண்டில் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழல்கிறது. அதற்கு அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கம்பி கழன்று, சக்கரம் உள்பக்கம் மடிந்துவிடும். வீட்டு வாசலில் திருப்பும்போது மடிந்தால் மட்காட் போகும். ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் லாரிக்கு எதிரே மடிந்தால்?

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து மேலே நெம்பச் சொல்லுங்கள். சக்கரம் மேலும் கீழும் ஆடினால் டிரன்னியன் தேய்ந்திருக்கிறது. பாகம் கிடைக்கும், மாற்றவும் முடியும். ஆனால் மாற்றும்வரை அந்தக் காரை ஓட்டி வராதீர்கள். லாரியில் ஏற்றி வாருங்கள். கிரீஸ் நிப்பிள்களில் புது கிரீஸ் தெரிகிறதா, காய்ந்த மண் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். முந்தைய உரிமையாளரின் குணம் அங்கே தெரியும்.

பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம். ஒரே எண்ணெய் வழி. கால் அழுத்தத்துக்குத் துணை ஏதும் இல்லை. பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் பம்பு கசிகிறது. அது ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது, கழற்றுவது பெரும்பாடு. கார்ப்பெட்டைத் தூக்கி அந்த மூடியைத் திறந்து பார்க்காத போமன் மைனர் தெரிந்த போமன் இல்லை.

இன்ஜின், கியர், வயர்

போவதற்கு முன் “இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீங்க” என்று சொல்லிவிடுங்கள். போனதும் போனட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் உண்மை இருக்கிறது.

எண்ணெய் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். நன்றாகச் சூடான பிறகு நின்ற இடத்தில் ஓடும்போது அது மினுக்கினால் இன்ஜினைப் பிரிக்கும் காலம் நெருங்கிவிட்டது. தொடர்ந்து நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் மூடியின் உள்பக்கம் தயிர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். இன்ஜினுக்குக் கீழே இரண்டொரு சொட்டு எண்ணெய் இருந்தால் பரவாயில்லை. இந்த வகை இன்ஜினின் பின்பக்கத்தில் இன்றைய கார்களில் இருப்பது போன்ற ரப்பர் சீல் கிடையாது.

முதல் கியர் ஓடும்போது போட்டால் கரகரக்கும். அது பழுதல்ல, அமைப்பே அப்படி. மற்ற கியர்களில் கரகரத்தாலோ, காலை எடுத்ததும் கியர் தானாகக் கழன்றாலோ பெட்டியைத் திறக்க வேண்டும்.

இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. இன்றைய பெட்ரோலில் நெடுநேரம் வேகமாக ஓட்டினால் வால்வு அமரும் இடம் தேயும். அந்த இடத்தில் கடினமான வளையம் போட்டிருக்கிறதா, ரசீது உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றாலும் பதற வேண்டாம். அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது போட்டுக்கொள்ளலாம். இதே குடும்பத்து இன்ஜின்தான் பழைய மினியில் 2000-ஆம் ஆண்டு வரை வந்தது. அதனால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. மைனரின் உடற்பாகங்களை 1990-களில் இலங்கையின் காலி நகரில் தயாரித்து இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

“ஊருக்குப் போகும்போது அம்பாஸடர் பாகம் வாங்கிவந்து மாட்டிக்கலாம்” என்று சிலர் சொல்வார்கள். அம்பாஸடர் பிறந்தது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பெரிய காரிலிருந்து. மைனரின் இன்ஜின் வேறு, அதன் இன்ஜின் வேறு. திருச்சியிலிருந்து சுமந்து வந்து ஏமாற வேண்டாம்.

வயரிங்கில் ஒரு விசேஷம். மைனரின் பேட்டரியில் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும், இன்றைய கார்களுக்கு நேர்மாறாக. தெரியாமல் புது ரேடியோவை மாட்டினால் புகைதான் மிச்சம். மாற்றி அமைத்திருந்தால் யார் செய்தது, எப்படிச் செய்தார் என்று கேளுங்கள். முழுக் காருக்கும் இரண்டே ஃபியூஸ். துணி சுற்றிய பழைய வயர் கையில் பொடிந்தால் முழுவதையும் மாற்றுங்கள். அதுவரை ஒரு தீயணைப்பான் காரில் இருக்கட்டும்.

வெள்ளத்தில் நின்ற காரா என்பதையும் பாருங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தைச் சிலாங்கூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். இருக்கைக்கு அடியில், கதவு அட்டைக்குப் பின்னால், முன்விளக்கின் கிண்ணத்துக்குள் காய்ந்த வண்டல் இருந்தால் கார் குளித்திருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது

ஐந்து நிமிடம் தோட்டத்துச் சாலையில் சுற்றிவிட்டு வராதீர்கள். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். கோல சிலாங்கூர் பக்கம் சாலைகள் தட்டையானவை. நோஞ்சான் இன்ஜினும் அங்கே நன்றாக ஓடும். ஒரு சரிவைத் தேடிப் போய் ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தி மீண்டும் ஏற்றுங்கள். ஆள் இல்லாத இடத்தில் கையை லேசாகத் தளர்த்திக்கொண்டு பிரேக் போடுங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்கள். திரும்பி வந்ததும் இன்ஜினை அணைக்காமல் இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். நெரிசலில் நிற்கும் கோலாலம்பூர் சாலைக்கான சோதனை இது. ரேடியேட்டர் அடைத்திருந்தால் இப்போது கொதிக்கும்.

மைனரைத் தவிர வட்டாரத்தில் தேடப்படுவது பழைய லேண்ட் ரோவர். அதன் வெளித்தகடு அலுமினியம்; ஆகவே மேலே துருவே தெரியாது. கீழே உள்ள சேசிஸும், கண்ணாடிக்குக் கீழே உள்ள தடுப்புச்சுவரும் இரும்பு. உரம் ஏற்றிய தோட்டத்து லேண்ட் ரோவர் என்றால் திருப்புளியோடு அங்கேதான் போக வேண்டும்.

குடும்பத்தோடு போகலாமா?

இதை வாங்கும் முன் வீட்டில் பேசுங்கள். இந்தக் காரில் காற்றுப்பை இல்லை. பல கார்களில் பின் இருக்கைக்குப் பட்டையும் இல்லை. 2020 முதல் நம் நாட்டில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். பட்டை இல்லாத இடத்தில் அதைப் பொருத்த முடியாது. புதிதாகப் பட்டை போட்டாலும் அது பிடித்திருக்கும் இரும்பு நல்ல இரும்பாக இருக்க வேண்டும். துருப்பிடித்த சில்லில் முடுக்கிய பட்டை விபத்தில் கையோடு வந்துவிடும். வார இறுதியில் ஒருவரோ இருவரோ நிதானமாகப் போய்வருவதற்கான கார் இது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் கார் அல்ல.

பணக் கணக்கும் அப்படியே. கையில் 10,000 வெள்ளி இருந்தால் 6,000-க்கு மேல் காருக்குக் கொடுக்காதீர்கள். மிச்சம் முதல் ஆண்டுக்குத் தேவைப்படும். முழுத் தொகைக் காப்புறுதி இவ்வளவு பழைய காருக்குச் சுலபத்தில் கிடைக்காது. மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் காப்புறுதி உண்டா என்று வாங்குவதற்கு முன் முகவரிடம் கேளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: காகிதம் சரியில்லை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உடல் அழுகியிருந்தால் பாகத்துக்கான விலை மட்டும். இன்ஜின் சோர்ந்திருந்தால் பேரம் பேசி வாங்கலாம். பெயிண்ட் மங்கியிருந்தால் சந்தோஷப்படுங்கள். மறைக்க ஒன்றுமில்லை என்று பொருள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் தேடும் கார் உங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே தார்ப்பாய்க்குள் நிற்கலாம். தாத்தாவோ பெரியப்பாவோ அதன் உரிமையாளராக இன்னும் நம்மோடு இருந்தால், இந்த மாதமே அவரை அழைத்துப்போய்ப் பெயரை மாற்றிவிடுங்கள். இன்று அது ஒரு காலைப்பொழுது வேலை. அவருக்குப் பிறகு, வாரிசுகள் எல்லோரும் கூடித் தீர்க்க வேண்டிய வழக்கு.